கிருமி ஒன்று, தீர்ப்புகள் பல



சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு நிலையத்தில் நிற்கும். பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதியிருக்கும். ஏற்றுமதி வளாகத்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்குகிறார்கள். ‘சானடோரியத்துல இறங்கணும்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே நடுங்கிய ஒரு காலம் இருந்தது. ‘சானடோரியத்துக்குக் கொண்டுபோயிட்டாங்களாம்’ என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காசநோய். எலும்புருக்கி என்றும், சயரோகம் என்றும், குரலைத் தாழ்த்தி ‘டி.பி.’ என்றும் நாம் சொல்லிவந்த நோய். அந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் பேசட்டும். அந்த நோயாளியைப் பற்றி ஊர் என்ன நினைத்தது, அந்த நினைப்பு எப்படி மருந்துச் சீட்டுக்குள் புகுந்தது, அவன் படுக்கையை எங்கே போட வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன். நோய் ஒன்றுதான். கிருமியும் ஒன்றுதான். ஆனால் ஓர் ஊர் அதைப் பாவத்தின் சம்பளம் என்றது. இன்னோர் ஊர் அதை மேதைமையின் அடையாளம் என்றது. மூன்றாவது ஊர் அதை ஏழையின் அழுக்கு என்றது. தீர்ப்பு எப்படியோ, சிகிச்சையும் அப்படி.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். சந்திரன் தேய்ந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். தட்சனின் 27 பெண்களை மணந்தவன், ரோகிணி ஒருத்தியிடம் மட்டும் மயங்கிக் கிடந்தான். மற்றவர்கள் தகப்பனிடம் போய் அழுதார்கள். தட்சன் சபித்தான், சந்திரனைச் சயம் பிடித்தது. பாரதத்தில் விசித்திரவீரியன் இருக்கிறான். அம்பிகை, அம்பாலிகை என்று இரண்டு மனைவிகளோடு ஏழு ஆண்டுகள் இன்பத்தில் மூழ்கியிருந்தான், பிள்ளை இல்லாமல், இளம் வயதிலேயே இந்த நோயில் மாண்டான் என்கிறது கதை. இரண்டு கதைகளிலும் நோய்க்குக் காரணம் என்ன? நடத்தை. ஆசை மிஞ்சிப்போனது, அதனால் உடம்பு உருகியது.

கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் கதை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறதே! கல்யாணமான ஆறாம் மாதம் ஒரு பையன் இருமத் தொடங்கினால், ‘வந்தவ ராசி’ என்று சொல்லாத ஊர் உண்டா? அந்தப் பெண் இருமினால், ‘நோயை மறைச்சுத் தள்ளிவிட்டாங்க’ என்று சொல்லாத சம்பந்தி வீடு உண்டா? காரணம் நடத்தை என்று முடிவாகிவிட்டால் அப்புறம் மருத்துவர் எதற்கு? மறைப்பதுதான் முதல் சிகிச்சையாகிவிடுகிறது. எத்தனை பேர் கடைசி நாள்வரை ‘சளி’ என்றும் ‘ஈளை’ என்றும் சொல்லிக்கொண்டே போயிருப்பார்கள்!

இப்போது கடல் கடந்து போவோம். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா. அங்கே இதே நோய் மாலை போட்டு வரவேற்கப்பட்டது. வெளுத்த முகம், பளபளக்கும் கண், மெலிந்த விரல்: அதுவே அழகு என்றார்கள். நுண்ணிய மனம் படைத்தவர்களுக்கு வரும் நோய் என்றார்கள். பாரிஸில் 23 வயதில் மாண்ட மாரி துப்ளெசி என்ற பெண்ணின் கதையை நாவலாக்கினார்கள், நாடகமாக்கினார்கள், 1853-இல் வெர்தி அதை இசை நாடகமாகவே ஆக்கிவிட்டார். பஞ்சாலையில் இருமி இருமிச் செத்த ஆயிரமாயிரம் பெண்களுக்கு யார் இசை அமைத்தார்கள்?

சரி, மாலை போடப்பட்டவர்களாவது சுகப்பட்டார்களா? ஜான் கீட்ஸைப் பாருங்கள். அவர் கவிஞர் மட்டுமல்லர், மருத்துவம் படித்து உரிமம் பெற்றவர். தம்பி டாம் இதே நோயில் படுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர். 1820 பிப்ரவரியில் ஓர் இரவு இருமியபோது படுக்கையில் ஒரு துளி இரத்தம் விழுந்தது. மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி அந்த நிறத்தைப் பார்த்தார். இது தமனி இரத்தம், என் மரணம் வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அவருக்கு என்ன சிகிச்சை தந்தார்கள்? உணர்ச்சிதான் நோயை வளர்க்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே கவிதை எழுதாதே என்றார்கள். காதலித்த பெண்ணைப் பார்த்து மனம் கிளர்ந்துவிடாதே என்றார்கள். மருந்தென்று சொல்லி இரத்தத்தை வடித்தார்கள், உணவைக் குறைத்தார்கள். இத்தாலியின் வெயில் நல்லது என்று கப்பலேற்றினார்கள். ரோமில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க் நல்ல மனிதர், அக்கறையோடுதான் பார்த்தார். ஆனால் கோளாறு வயிற்றில் என்று முதலில் நினைத்தார். ஒரு நாளைக்கு ஒரு சின்ன மீனும் ஒரு துண்டு ரொட்டியும் போதும் என்று வைத்தார். இரத்தம் கக்கிக்கொண்டிருந்தவரின் உடம்பிலிருந்தே இன்னும் இரத்தம் எடுத்தார். பசி, பசி என்று அந்த இளைஞர் கெஞ்சியதை உடனிருந்த நண்பர் செவர்ன் கண்ணால் பார்த்தார். 1821 பிப்ரவரி 23 அன்று, 25 வயதில், கீட்ஸ் இறந்தார். நான் கேட்கிறேன்: கவிதை எழுதக் கூடாது என்பது மருத்துவமா, தீர்ப்பா?

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். இங்கிலாந்தில் இந்த நோய் பரம்பரை, மனநிலை, குணம் என்று நினைத்தார்கள். ரோமிலோ, தொற்று என்று சட்டமே இருந்தது. கீட்ஸ் இறந்ததும் அவர் அறையில் இருந்த மேசை நாற்காலிகளைக் கொளுத்தினார்கள், சுவரைச் சுரண்டினார்கள். லண்டனில் மெல்லிய மனம் படைத்த கவிஞனாக இருந்தவர் ரோமில் எரிக்க வேண்டிய படுக்கையாக ஆகிவிட்டார்.

ஷோபனுக்கும் இதுதான் நேர்ந்தது. பாரிஸின் வரவேற்பறைகளில் கொண்டாடப்பட்ட இசைமேதை. 1838 குளிர்காலத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்ள, எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுடன் மயோர்க்கா தீவுக்குப் போனார். நோய் இன்னதென்ற செய்தி பரவியதும் வீட்டுக்காரர் வெளியே போ என்றார். சும்மா போகச் சொல்லவில்லை. வெள்ளையடிக்கும் செலவையும், எரிக்கப்போகும் கட்டிலின் விலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கைவிடப்பட்ட ஒரு மடத்தின் ஈரச் சுவர்களுக்குள் போய்க் குளிர்காலத்தைக் கழித்தார்கள். திரும்பும்போது வண்டி கொடுக்க ஆள் இல்லை. பன்றிகளை ஏற்றிப்போன கப்பலில் இரத்தம் கக்கிக்கொண்டே அவர் கரை சேர்ந்தார்.

இதில் ஒரு வேதனையான முரண் இருக்கிறது. தொற்று என்று சொன்ன மயோர்க்கா ஊர்க்காரர்கள் சொன்னது உண்மை. பரம்பரை என்று சொன்ன பாரிஸ் பெரிய மனிதர்கள் சொன்னது தவறு. உண்மையைத் தெரிந்துவைத்திருந்தவர்கள்தான் நோயாளியைத் தெருவில் நிறுத்தினார்கள். உண்மை தெரிந்தால் இரக்கம் தானாக வந்துவிடும் என்று நாம் நம்புகிறோமே, அதை இங்கே சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும்.

1882 மார்ச் 24. பெர்லினில் ராபர்ட் கோக் எழுந்து நின்று, இதோ கிருமி என்றார். மகத்தான நாள் அது. ஆனால் அன்றோடு கவிஞனின் நோய் போய், ஏழையின் நோய் வந்தது. எச்சில் துப்பினால் அபராதம், நோயாளியின் பெயரை அரசாங்கத்துக்குக் கொடு, ஆளை ஊருக்கு வெளியே அனுப்பு என்று ஆரம்பித்தார்கள். கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று, கொல்லும் மருந்து இன்னும் 60 ஆண்டுகளுக்கு வரவில்லை. அந்த 60 ஆண்டுகளில் கையில் இருந்தது கிருமியைப் பற்றிய பயம் மட்டும்தான். பயத்துக்குக் கிடைத்த முகவரிதான் சானடோரியம்.

சானடோரியத்தை நான் பழிக்க வரவில்லை. காற்று, ஓய்வு, வேளாவேளைக்குச் சாப்பாடு: குடிசையிலிருந்து போனவனுக்கு அது பெரிய வரம். ஜெர்மனியில் பிரெமர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தார். நோயாளிகளை மலையில் நடக்கச் சொன்னார். அவரிடமே நோயாளியாக இருந்து பிறகு உதவி மருத்துவரான தெத்வைலர், நடக்காதே, சாய்வு நாற்காலியில் அசையாமல் படு என்றார். இரண்டுமே சிகிச்சைதான்!

யார் படுத்தார்கள், யார் நடந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சுவிட்சர்லாந்தின் தாவோஸில் பணக்காரர்கள் கம்பளி போர்த்துக்கொண்டு மாடத்தில் படுத்துக் கிடந்தார்கள். இங்கிலாந்தின் ஃபிரிம்லியில் 1905-இல் தொழிலாளர்களுக்கு ஒரு சானடோரியம் திறந்தார்கள். அங்கே மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குப் படிப்படியாக வேலை கொடுத்தார். முதலில் நடை, பிறகு கூடை சுமப்பது, பிறகு மண்வெட்டி பிடித்துத் தோண்டுவது. அவர் அதற்கு மருத்துவக் காரணம் வைத்திருந்தார். அளவான உழைப்பு உடம்பின் எதிர்ப்பைத் தூண்டும் என்று உண்மையாகவே நம்பினார். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால், தொழிலாளியைச் சும்மா படுக்கவைத்துச் சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவான் என்ற கவலையும் இருந்தது. ஒரே நுரையீரல், ஒரே கிருமி. பணக்காரனுக்குச் சாய்வு நாற்காலி, தொழிலாளிக்கு மண்வெட்டி. இது மருத்துவமா, தீர்ப்பா?

நம்மவர் ஒருவரும் அந்தக் கட்டில்களில் கிடந்தார். கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1917-இல் கேம்பிரிட்ஜில் படுத்தார். வயிற்றுப் புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம், பிறகு டெர்பிஷயரில் மேட்லாக் என்ற இடத்தில் இன்னொன்று. யுத்த காலம், உணவுத் தட்டுப்பாடு. சைவம் தவிர வேறு தொடாதவர், அம்மா கைச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர். அங்கே வைத்தியம் என்பதே குளிர்ந்த காற்று. சன்னலைத் திறந்து போடு, அறையில் நெருப்பு மூட்டாதே என்பது விதி. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அது! ஒரு மாதமாக ஒரு நாள்கூட நெருப்பு மூட்ட விடவில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போடப்போகிறேன் என்று அதில் சொல்கிறார். உலகமே வியந்த மூளை, வெப்பம் தேடிக் குளியலறைக்குப் போகிறது.

1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மனைவி ஜானகியின் பராமரிப்பில் உயிர் பிரிந்தது. அவருக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபாவாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவ ஆய்வு ஒன்று வாதிட்டது. அது சரியென்றால், குணமாக்கக்கூடிய ஒரு நோயை விட்டுவிட்டு அவரைக் குளிரில் கிடத்தியிருக்கிறார்கள்.

மெண்டிப் மலைச் சானடோரியத்தை நடத்தியவர் யார் தெரியுமா? டேவிட் சவுரிமுத்து என்ற இந்திய மருத்துவர். அவர்தான் 1928-இல் தாம்பரம் காட்டில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நம் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்த வரலாறு இதுதான். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் மிஷனரிகள் கட்டிய ஆரோக்கியவரமும் அந்தக் காலத்துச் சானடோரியம்தான். அங்கெல்லாம் என்ன வைத்தியம்? படுக்கை, பால், முட்டை, வெப்பமானி. கொஞ்சம் முற்றினால், மார்புக்குள் ஊசி வழியாகக் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்கவைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் விலா எலும்புகளை வெட்டி எடுத்து மார்பையே அமுக்கிவிடுவார்கள். ஒரு தோள் சரிந்து, சட்டைக்குள் ஒரு பக்கம் குழி விழுந்து வீடு திரும்பியவர்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

1948ஆம் ஆண்டை மட்டும் ஒரு நிமிடம் பார்ப்போம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு 1948-இல் அமெரிக்காவிலிருந்து அது தருவிக்கப்பட்டது. வேண்டியவர்கள் மந்திரி மட்டத்தில் பேசி அனுமதி வாங்கித் தந்தார்கள். உடம்பு ஏற்கவில்லை, 1950 சனவரியில் இறந்தார். அதே 1948 ஜூன் 30 அன்று நம் புதுமைப்பித்தன், படத்துக்கு வசனம் எழுதப் புனேவுக்குப் போய் நோயோடு திரும்பியவர், திருவனந்தபுரத்தில் 42 வயதில் மாண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜின்னா இறந்தார். அவருடைய நுரையீரல் படம் பம்பாய் மருத்துவர் ஒருவரின் அலமாரியில் பரமரகசியமாக இருந்தது. மருந்து பிறந்துவிட்டது. அது கைக்கு எட்டுவது, உன்னை யாருக்குத் தெரியும், உன் நோயை யாருக்குச் சொல்லலாம் என்பதைப் பொறுத்திருந்தது.

நண்பர்களே, இப்போது நான் உங்களைச் சென்னைக்கே அழைத்து வருகிறேன். இந்தக் கதையில் நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

1956-இல் மத்திய, மாநில அமைப்புகளும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தை நிறுவின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை தாங்கினார். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. யாரும் கேட்கத் துணியாதது. சானடோரியம் தேவையா?

அன்றைய நம்பிக்கை என்ன? ஏழை வீடு நோயின் கூடு. ஒரே அறையில் ஏழு பேர், சத்தில்லாத சோறு, ஓய்வில்லாத உடம்பு. அங்கே நோய் குணமாகாது. கூட இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதுபோக, படிக்காத ஏழைக்கு ஒரு வருடம் விடாமல் மாத்திரை விழுங்கத் தெரியாது. இவ்வளவும் சேர்ந்துதான், ஆளைப் பெயர்த்து எடுத்து ஊருக்கு வெளியே வை என்று சொன்னது.

193 நோயாளிகள். பெரும்பாலும் நகரத்தின் ஏழைத் தெருக்களைச் சேர்ந்தவர்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மீதிப்பேரை வீட்டிலேயே வைத்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட், பாஸ். அந்தப் பாஸ் மருந்தைச் சாப்பிட்டவர்களைக் கேட்டால்தான் தெரியும். பெரிய பெரிய வில்லைகள், வயிற்றைப் புரட்டும், வாயெல்லாம் கசக்கும். ஓராண்டு முடிந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டிலோ? நூற்றுக்கு 86 பேருக்கு! கட்டிலும் பாலும் முட்டையும் ஓய்வும் இல்லாமல், அடுப்பூதிக்கொண்டு, கூலிக்குப் போய்க்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 86 பேர். அதைவிடப் பெரிய செய்தி, ஐந்தாண்டு வரை குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. ஒட்ட வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே ஒட்டிவிடுகிறது. மருந்து உள்ளே போனபின் அந்த மனிதர் பக்கத்தில் படுப்பதால் பெரிய ஆபத்து இல்லை.

அந்த ஓராண்டு முடிவுகள் 1959-இலேயே வெளியாயின. பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாவதற்கு, சென்னையின் ஏழைக் குடும்பங்கள் காட்டிய இந்தச் சான்றும் ஒரு பெருங்காரணம். அந்த 193 பேரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். அந்த ஆய்விலும் சந்தேகம் இருந்தது. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தார்கள். அறிவியலுக்கு அது தேவைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் அதிலிருந்தே, ஊழியர் எதிரில் மாத்திரையை விழுங்க வேண்டும் என்ற முறை உலகமெங்கும் போயிற்று. லட்சக்கணக்கான உயிர்களை அது காத்தது. அதோடு கூடவே, தினக்கூலியை விட்டுவிட்டு மையத்துக்கு வந்து வாயைத் திறந்து காட்டு என்று ஏழையை நிற்கவும் வைத்தது. வசதி படைத்தவரின் சர்க்கரை மாத்திரையை யாராவது எண்ணுகிறார்களா?

இன்றைக்கு வருவோம். ஆறு மாத மருந்து இருக்கிறது, இலவசமாக இருக்கிறது. முறையாகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. ஆனாலும் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். 2023-இல் ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. பாவமும் இல்லை, ராசியும் இல்லை. வயிற்றுக்குச் சோறு. தமிழ்நாட்டிலும் 2022 முதல், காசநோய் என்று தெரிந்த அன்றே எடை எவ்வளவு, மூச்சு எப்படி, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் நடக்கிறது. ‘இவன் மாத்திரை போடுவானா’ என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், ‘இவர் பிழைப்பாரா, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்வி வந்திருக்கிறது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

கடைசியாக, பின்னால் நின்றுகொண்டிருக்கும் செவிலியர் பள்ளி மாணவிகளே, உங்களுக்காக ஒன்று. ஒரு சிற்றூரில் களப்பணியாளர் ஒருவருடன் சில வீடுகளுக்குப் போயிருந்தேன். தெருமுனைக் கோயிலருகே வண்டியை நிறுத்திவிட்டு அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ‘வண்டியைப் பார்த்தாலே எந்த வீடுன்னு தெரிஞ்சிடும் சார்’ என்றார். நாங்கள் பார்த்த பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பழைய சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். புருஷனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. சாப்பாட்டுக்காக அரசாங்கம் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. அவள் வேண்டாம் என்றாள். ஏனம்மா என்றால், பணம் வந்தால் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும், அது எப்போதும் மாமியார் கையில் என்றாள். களப்பணியாளர் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. ‘உங்கம்மா நம்பரைக் கொடு, அதுல மாத்திடலாம்’ என்று சொல்லி, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை எழுதத் தொடங்கினார்.